நடப்பதற்குத் தகாமாட்சு

விடுமுறை விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் ஜப்பானில் இருக்கும் தகாமாட்சுவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள் என்பதை நகர அலுவலகம் மிகுந்த கவலையோடு கவனித்து வந்தது. எங்கள் ஊர் எது என்று சொல்ல மாட்டேன். தைவானின் தெற்கே இருக்கிறது, அது போதும். பெயரைச் சொன்னால் ‘நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமைக்காக’ என்று எனக்கு ஓலை வரும். அந்த மாதிரி ஓலை எழுத மட்டும் அவர்களுக்கு நேரம் இருக்கும்.

இந்தக் கூத்தெல்லாம் என் மனைவி பாவ்-ஜூவின் முழங்காலில் தொடங்கியது. சந்தைத் தெருவில் நாங்கள் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறோம். முட்டைத் தோசை, சோயாப் பால், முள்ளங்கி கேக். இத்தனை வருஷம் நின்றே சுட்டதில் அவளுடைய வலது மூட்டு தேய்ந்து போய், ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். “மூணு மாசம், தினமும், சமதரையில நடக்கணும். நடக்கலைன்னா மூட்டு இறுகிப் போயிடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

சமதரையாம்! அந்த டாக்டர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை. கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று இருக்கிறது, சட்டப்படி அது நடக்கிறவர்களுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு கடைக்காரனும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்திக் கட்டி வைத்திருக்கிறான். ஏறி இறங்கி, இறங்கி ஏறித்தான் போகணும். பக்கத்துக் கடை மெக்கானிக், தூ என்று பெயர், ஊரிலுள்ள ஸ்கூட்டரையெல்லாம் பிரித்து அங்கே பரப்பியிருப்பான். அதைத் தாண்டினால் பூந்தொட்டிகள், அதைத் தாண்டினால் யாரோ வெளியே வைத்த வாஷிங் மெஷின். மனுஷனா இவனெல்லாம்? சாலையில் இறங்கினால் லாரி.

பாவ்-ஜூ ஊன்றுகோலோடு சாலையில் இறங்கினாள். காய்கறி லாரி ஒன்று உரசி, விழுந்துவிட்டாள். நல்லவேளை, தையல் பிரியவில்லை. லாரிக்காரன் இறங்கி வந்து, “ஏம்மா, ரோட்டுல நடக்கறீங்களே, நடைபாதைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?” என்று கேட்டான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததாம்.

தைபேயில் வேலை பார்க்கும் எங்கள் மகள் இதைக் கேட்டுவிட்டு, “அம்மா, கிளம்பு. தகாமாட்சுல கூரை போட்ட கடைத்தெரு ஒண்ணு இருக்கு. போய்க்கிட்டே இருக்கலாம், ஒரு படி கிடையாது” என்று சொல்லி, லீவு போட்டு அவளைக் கூட்டிப் போனாள். போகும்போது ஊன்றுகோலை நம்பி நடந்தவள், வரும்போது அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஊருக்கு வந்த ஒரே வாரத்தில் பழையபடி ஊன்றுகோல்.

தெருவே பார்த்தது. நம் தெருவில் யாருக்குத்தான் முழங்கால் இல்லை? கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மெக்கானிக் தூ குடும்பத்தோடு கிளம்பினான். போய் வந்தவர்கள் ஊடோன் நூடுல்ஸ் பிரமாதம், கடல் பிரமாதம் என்று அளந்தார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நிம்மதியா நடந்தோம்பா” என்றார்கள். தூ திரும்பி வந்ததும் கடைப் பலகையில் ஒரு ஜப்பானிய எழுத்தைச் சேர்த்துக்கொண்டான். அர்த்தம் கேட்டால், “அர்த்தமா முக்கியம்? அழகா இருக்கில்ல?” என்றான். மறுமாதமே முடிவெட்டும் கடைக்கும் அதே எழுத்து, சவப்பெட்டிக் கடைக்கும் அதே எழுத்து.

நகர அலுவலகம் ஆய்வில் இறங்கியது. வளர்ச்சிப் பிரிவு அதிகாரி, யே என்பவர், விசாரணைக்கு எங்கள் கடைக்கே வந்தார். ஸ்கூட்டரை நடைபாதையில் குறுக்கே நிறுத்திவிட்டு, இரண்டு தோசை சொல்லிவிட்டு, பாவ்-ஜூவைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க தகாமாட்சு போனதுக்குக் காரணம் செர்ரிப் பூவா, சாப்பாடா, ஷாப்பிங்காம்மா?”

“நடக்கறதுக்குப் போனேன் தம்பி.”

“சரி. அதாவது, பூ பாக்க நடந்தீங்க.”

“ஆகஸ்டு மாசத்துல ஏது பூ? சும்மா நடந்தேன்.”

“சும்மா நடக்கறதுக்கு யாராவது விமானம் ஏறுவாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“இப்ப உங்க வண்டி நிக்குதே, அந்த இடம் காலியா இருந்தா நான் ஏன் விமானம் ஏறப் போறேன்?”

யே வண்டியைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம்தாம்மா, இதோ எடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டு மூன்றாவது தோசைக்குச் சொன்னார்.

பொதுமக்களுக்குத் தங்கள் மனது தங்களுக்கே தெரியாது என்பதால், நேரில் கண்டறிவதென்று முடிவாயிற்று. மாண்புமிகு நகரத் தலைவர் தலைமையில் ஆய்வுக்குழு வசந்த காலத்தில் தகாமாட்சு போனது. பூவை ஆராய்ந்தது. இலை சிவக்கும் காலத்தை ஆராயாவிட்டால் ஆய்வு முழுமை பெறாதென்று இலையுதிர் காலத்திலும் போனது. திரும்பி வந்து, ‘மேற்படி நகரத்தின்பால் நம் மக்கள் கொண்டுள்ள ஈர்ப்புக்குக் காரணம் அங்கு நிலவும் ஜப்பானியத் தன்மையே’ என்று அறிவித்தது. அடடா! இதைக் கண்டுபிடிக்க இவர்கள் இரண்டு தடவை ஜப்பானுக்குப் போக வேண்டியிருந்தது.

உடனே ‘சின்னத் தகாமாட்சு’ கட்டினார்கள். எங்கே கட்டினார்கள்? ஊரிலேயே ஒருவர் தடையில்லாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் நகர அலுவலகத்து வாசல் நடைபாதை. அந்த நடைபாதைமேல் கட்டினார்கள்! சிவப்பு வளைவு, கல் விளக்குகள், ஆள் உயரத்துக்கு ஒரு நூடுல்ஸ் கிண்ணம். திறப்பு விழாவில் நகரத் தலைவர் கிமோனோ போட்டுக்கொண்டு வந்து, வேகமாக நடக்க முடியாமல் நாலு பேர் பிடித்துக்கொள்ளப் பேசினார். கல் விளக்குக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் பாவ்-ஜூ ஊன்றுகோலோடு மாட்டிக்கொண்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. “ஐயா, எனக்குக் கிண்ணம் வேணாம், கால் வைக்க இடம் குடுங்க!” என்று அவள் கத்தியதை ஒருவன் படம்பிடித்துப் போட, அது தீவு முழுக்கச் சுற்றியது.

அதற்கப்புறம்தான் அதிகாரிகளுக்கு உறைத்தது. நகரத் தலைவர் யேயைக் கூப்பிட்டுக் கிழித்திருக்கிறார். மறுநாள் ஆணை வந்தது. ‘சந்தைத் தெரு நடைபாதையில் உள்ள அனைத்து ஆக்கிரமிப்புகளும் அகற்றப்பட்டு, தரை சமன் செய்யப்படும்.’

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “பாவ்-ஜூ, நீ ஜெயிச்சுட்ட!” என்றேன். அவள் அன்றைக்குப் புதுச் செருப்பு எடுத்து வைத்தாள்.

காலையில் யே சாக்பீஸோடு வந்தார். தூவின் ஸ்கூட்டர்களுக்கு உள்பக்கமாகக் கோடு போட்டார், கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் போக வேண்டும் என்று அர்த்தம். சரியான வேலை. அப்படியே கோட்டை இழுத்துக்கொண்டே வந்து என் தோசைக்கல்லுக்கும் உள்பக்கமாகப் போட்டார்.

“யே சார், இது தோசைக்கல். ஸ்கூட்டர் இல்ல.”

“நடைபாதையில இருக்கே முதலாளி.”

“அது முப்பது வருஷமா அங்கதான் இருக்கு. மேசைங்களும் அங்கதான் இருக்கு. அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பா? அது கடை சார்!”

தூ வந்து என் தோளில் கைபோட்டான். “அண்ணே, இன்னைக்கு உங்க கல்லு, நாளைக்கு என் வண்டி. விடக்கூடாது.” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மத்தியானத்துக்குள் தெருவே திரண்டுவிட்டது. அந்தக் கைக்குழந்தைக்காரியும் குழந்தையோடு வந்தாள். நடைபாதையில் கிடந்த அந்த வாஷிங் மெஷின் அவளுடையதாம். நகர அலுவலகத்து வாசலில், நூடுல்ஸ் கிண்ணத்தின்மேல் ஏறி நின்று நான்தான் முழக்கம் கொடுத்தேன். “நடக்கறதுக்குத் தகாமாட்சு இருக்கு! பிழைக்கறதுக்கு நடைபாதை மட்டும்தான் இருக்கு!”

கூட்டத்தின் ஓரத்தில், புதுச் செருப்போடு பாவ்-ஜூ நின்றாள்.

“அப்ப நான்?” என்றாள்.

“உனக்காகவும் சேர்த்துத்தான் போராடறேன்!” என்றேன்.

பொதுமக்களின் உணர்வுகளுக்கு மதிப்பளித்து ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக ‘குடிமக்கள் நடைப்பயிற்சித் திட்டம்’ வந்தது. சந்தைத் தெருவாசிகள் அனைவரும் சலுகைக் கட்டணத்தில் தகாமாட்சு போய் நடந்துவிட்டு வரலாம். வழிகாட்ட யே வருவார். தெருவே கைதட்டியது.

போனோம். என்ன ஊருய்யா அது! ஒரு குறுகலான சாலை, வண்டியே இல்லை, ஆனாலும் நாங்கள் அத்தனை பேரும் சிவப்பு விளக்கு மாறும்வரை கைகட்டி நின்றோம். ஊரில் சிவப்பு விளக்கைக் கண்டால் முறுக்கிக்கொண்டு பறக்கிற தூவும் நின்றான். “எவ்வளவு ஒழுங்கு பாத்தியா? நம்ம ஜனங்களுக்கு ஒரு நாளும் வராது” என்றான். கடைத்தெருவில் பாவ்-ஜூ எனக்கு முன்னால் போனாள், ஊன்றுகோல் இல்லாமல். அவள் அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்துப் பல வருஷமாயிற்று.

ஒரு பிஸ்கட் கடை வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. ஓரமாகத்தான், ஆனால் நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இவ்வளவு தூரம் நடக்க வந்தா இங்கயும் இப்படியா? யே சார், கடைக்காரன்கிட்ட சொல்லுங்க!” என்று சத்தம் போட்டேன். கடைக்காரர் ஓடிவந்து, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டு, சைக்கிளை உள்ளே தள்ளினார்.

பாவ்-ஜூ திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். “ஊருக்குப் போனதும் நம்ம தோசைக்கல்லை உள்ள தள்ளுவீங்களா?”

“அது வேற விஷயம் பாவ்-ஜூ. உள்ள வெச்சா புகை வரும், மேசைக்கும் இடம் பத்தாது.”

கிளம்புகிற அன்றைக்கு எல்லோரும் பெட்டியோடு பேருந்தில் ஏறினோம், அவள் ஏறவில்லை. டாக்டர் சொன்னது மூன்று மாதம்; விசா இல்லாமல் தங்க ஜப்பான் எங்கள் பாஸ்போர்ட்டுக்கு அனுமதிப்பதும் மூன்று மாதம். மகள் அறை பிடித்துக் கொடுத்துவிட்டாளாம். இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்திருக்கிறார்கள்.

நேற்றுப் போன் செய்தேன். “எப்ப வருவ?”

“காலு நல்லாயிடுச்சுங்க. மாடிப்படிகூட ஏறறேன். நீங்க கல்லை உள்ள தள்ளிட்டீங்கன்னா சொல்லுங்க, அடுத்த விமானத்துல வரேன்.”

பார்த்தீர்களா? ஒரு நடைபாதையை ஒழுங்காக வைத்திருக்கத் துப்பில்லாத அலுவலகத்தால் என் பெண்டாட்டி வெளிநாட்டில் இருக்கிறாள். இவர்களை என்ன செய்தால் தகும்? கேட்க நாதியில்லை. கடை வாசலில் அவள் ஊன்றுகோலோடு நடந்து பழக நாலடி இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். அது சும்மாதானே கிடக்கிறது என்று அங்கே இரண்டு மேசை போட்டிருக்கிறேன்.