கோயமுத்தூரில் நான் இருந்த உண்ணாவிரதம்

தேயிலை விவசாயிகளுக்காக உயிரையே கொடுக்கப் போகிறேன் என்று என் மனைவி சுகுணாவிடம் சொன்னேன். சொல்லும்போது வாயில் பல்பொடி இருந்தது. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னத்தைக் குடுக்கப் போறீங்க?"

கொப்பளித்துவிட்டு மறுபடி சொன்னேன். "உயிரை. நாளைக்குக் குன்னூர்ல சங்கத்து உண்ணாவிரதம். நானும் உட்காரப் போறேன்."

அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா?"

"நானேதான்."

"சோறு திங்காமயா?"

"உண்ணாவிரதம்னா அப்படித்தான் வெச்சிருக்காங்க."

"பத்து மணிக்குப் பன்னு கிடைக்கலைன்னா பக்கத்து ஊட்டுக் கதவைத் தட்டுற ஆளு நீங்க."

"அது சாதாரண நாள். இது போராட்டம்."

போராட்டத்துக்குக் காரணம் இருந்தது. தேயிலை விலை பள்ளத்தில் விழுந்து கிடந்த காலம் அது. ஒரு கிலோ கொழுந்தைக் கொடுத்துவிட்டு வந்தால், அந்தக் காசுக்குக் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் ஒரு கிளாஸ் டீ கிடைக்காது. பேக்டரிகள் பாதி நாள் கொழுந்தே வாங்கவில்லை. கூலிக்கு ஆள் வைத்துப் பறித்தால் கட்டாது. எங்களுடைய சின்னத் தோட்டத்தைச் சுகுணா ஒருத்தியே பறித்தாள். மழையில் முதுகில் பிளாஸ்டிக் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்தாள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நான் கார் வரைந்தேன்.

இதைச் சொல்லும்போது தலை தானாகவே குனிகிறது. எனக்குக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. மலைப்பாதையில் மூன்றாவது வளைவு வந்தால் என் தலை பஸ்ஸுக்கு வெளியே போய்விடும். ஆனாலும் பென்சிலை எடுத்தால் கார்தான் வரும். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கமெல்லாம் கார். மளிகைக் கடைப் பையெல்லாம் கார். ஊரே தேயிலை விலையை எப்படித் தூக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் காரின் பின்பக்கத்தை எவ்வளவு தூக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த யோசனையில் பிறந்ததுதான் என் மலைக்கார். முன்னால் சின்னச் சக்கரம். பின்னால் பெரிய சக்கரம். மேடு ஏறும்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் சமதரையில் போவது போலவே இருக்கலாம். பெருமையாகச் சுகுணாவிடம் காட்டினேன். அவள் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தாள்.

"ஏறும்போது சரிங்க. இறங்கும்போது?"

நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் தோற்கவும் விரும்பவில்லை.

"இறங்கும்போது ரிவர்ஸ்ல இறங்கணும்."

"மேட்டுப்பாளையம் வரைக்குமா?"

அதன்பிறகு எங்கள் வீட்டில் கார் பேச்சு எடுப்பதில்லை என்று ஒப்பந்தமானது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மிக்சர் பொட்டலம் கட்டி வந்த பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். 'நாளைய கார்: மாபெரும் ஓவியப் போட்டி. கோயமுத்தூர். படத்தை வியாழக்கிழமை நேரில் கொடுக்க வேண்டும்.' அதற்குக் கீழே இருந்ததெல்லாம் எண்ணெயில் ஊறிப் போயிருந்தது. ஊறாமல் இருந்த பகுதியே எனக்குப் போதுமாக இருந்தது. நாளைய கார் என்றால் என் கார்தானே?

கோயமுத்தூர் போகிறேன் என்றால் எதற்கு என்பாள். கார் என்றால் தோட்டத்தில் இறக்கிவிடுவாள். அதே வியாழக்கிழமை குன்னூரில் உண்ணாவிரதம் என்று சங்கத்து லூயிஸ் அண்ணன் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். பட்டினிக்குக் கிளம்புகிற புருஷனை எந்த மனைவி தடுப்பாள்?

சுகுணா தடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமை காலை என் நெற்றியில் திருநீறு பூசினாள். பக்கத்து வீட்டுப் பாலாமணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். பாலாமணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு இந்தத் தைரியம் வராதுங்கண்ணா. எங்களுக்கும் சேர்த்து உட்காருங்க."

பத்து வயது மகள் கலைமதி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "பசிச்சா என்னப்பா பண்ணுவீங்க?"

"விவசாயிகளை நெனச்சுக்குவேன் கண்ணு."

அவளுடைய பள்ளிக்கூடச் சார்ட் பேப்பரில் ஒன்றைத்தான் எடுத்து மலைக்காரை வரைந்திருந்தேன். அது சுருளாக என் ஸ்வெட்டருக்குள் முதுகோடு நின்றது.

"ஏனுங்க, முதுகு ஏன் இப்படி விறைச்சிருக்கு?" என்றாள் சுகுணா.

"போராட்டத்துக்குப் போறவன் கூன் போட்டுட்டா போவான்?"

அவள் இட்லி வைக்கவில்லை. விரதக்காரருக்கு எதற்கு இட்லி என்று தெய்வபக்தியோடு சொல்லிவிட்டாள். கோத்தகிரியில் இறங்கி, குன்னூர் பஸ் பக்கம் திரும்பாமல், மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். வெறும் வயிறு. மூன்றாவது வளைவில் தலையை வெளியே நீட்டினேன். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர் மண்டபத்தின் வாசலில் ஒரே கூட்டம். அம்மாக்கள், தண்ணீர் பாட்டில்கள், அழுகைச் சத்தம். கல்யாணம் ஏதாவது நடக்கிறதோ என்று நினைத்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"குழந்தை எங்கே சார்?"

"எந்தக் குழந்தை?"

"படம் வரைஞ்ச குழந்தை."

அவள் தலைக்கு மேலே போர்டு தொங்கியது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் மட்டும். எண்ணெய் குடித்தது இந்த வரியைத்தான். எனக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. அப்படியே திரும்பியிருந்தால் நான் மனிதன். ஆனால் படம் கையில் இருந்தது. பின்னால் வரிசை தள்ளியது.

"குழந்தைக்குக் காய்ச்சலுங்க. வர முடியலை."

"அச்சச்சோ. பேரு?"

"கலைமதி."

"போன் நம்பர்?"

எங்கள் வரிசை வீடுகளில் பாலாமணி வீட்டில்தான் போன். ரேஷன் கடையில் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டாலும் எல்லாரும் அந்த நம்பரைத்தான் சொல்வோம். நாக்கு பழக்கத்தில் அதைச் சொல்லிவிட்டது. மூளை அந்த நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் படத்தை விரித்தாள். "பின் சக்கரம் ஏன் இவ்வளவு பெருசு?"

"மேடு ஏறும்போது..." என்று ஆரம்பித்தேன்.

"பரவாயில்லைங்க சார். இந்த வயசுல அளவு சரியா வராது."

பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். "மாமா, இது டிராக்டரா?"

படத்தை மேஜையில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவமானத்தைப் பிரியாணியில் அமுக்கலாம் என்று எதிரே இருந்த ஓட்டலில் உட்கார்ந்தேன். இலை வந்தது. ஒரு வாய் வைத்தேன். பக்கத்து மேஜையில் ஒரு சின்னக் குரல், "அப்பா, அங்க பாருங்க, டிராக்டர் மாமா!" என்றது. மொத்தக் குடும்பமும் திரும்பிப் பார்த்தது. இலையை மடித்துவிட்டு எழுந்தேன். ஆக, அன்றைக்கு நீலகிரியின் பசுந்தேயிலைக்காகக் கோயமுத்தூரில் உண்மையிலேயே ஒருவன் பட்டினி கிடந்தான்.

நன்றாக இருட்டிய பிறகு ஊர் வந்து சேர்ந்தேன். தள்ளாட்டத்துக்கு நடிப்பு தேவைப்படவில்லை. வாசலில் சுகுணாவும் பாலாமணியும் காத்திருந்தார்கள். சுகுணா எலுமிச்சை ஜூஸ் கொடுத்து முறைப்படி விரதத்தை முடித்து வைத்தாள்.

"கூட்டம் எப்படீங்க?" என்றாள்.

"கூட்டமா? குன்னூர் தாங்கலை."

"லூயிஸ் அண்ணன் பேசினாருங்களா?"

"பேசினாராவா! பேசப் பேசக் கண்ணீர் விட்டுட்டாரு. நான்தான் தோளைத் தட்டிக் குடுத்தேன்."

பாலாமணிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தன் வீட்டுக்கு ஓடினாள்.

"போலீஸ் வந்துச்சுங்களா?" சுகுணா விடவில்லை.

"வந்துச்சு. நான் அசையலை."

"அதானே, நீங்க எங்கே அசைவீங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளேயிருந்து கோழிக் குழம்பு வாசம் வந்தது. அந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் அந்த வாசம் தீபாவளிக்குக்கூட வரவில்லை. ஓடிப்போய்க் கலைமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கலைமதியின் தட்டில் கோழிக்கால். எனக்குத் தட்டில்லை, டம்ளர். டம்ளரில் கஞ்சித்தண்ணி.

"சுகுணா, எனக்கு?"

"பட்டினி கிடந்த வயித்துல கறி விழுந்தா ஆபத்துங்க. ரெண்டு நாளைக்குக் கஞ்சிதான்."

"கோழி எதுக்கு அடிச்சே? என்ன விசேஷம்?"

"பாப்பா பரிசு வாங்கியிருக்காளுங்க."

"அப்படியா கண்ணு! எதுல?"

கலைமதி கோழிக்காலைக் கடித்தபடி அம்மாவைப் பார்த்தாள். சுகுணா நிதானமாகச் சொன்னாள். "காரு வரைஞ்சதுல. சாயங்காலம் பாலாமணி ஊட்டுக்குக் கோயமுத்தூர்ல இருந்து போன் வந்துச்சு. காய்ச்சல் தேவலையான்னு கேட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் வரையலைன்னு சொல்லப் போனேன்ப்பா" என்றாள் கலைமதி. "அம்மாதான், பாவம் விடுன்னுட்டாங்க."

எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுகுணாவின் கையைப் பார்த்தேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அங்கேயிருந்தும் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை பரிசு குடுக்கறாங்களாம். நானும் பாப்பாவும் போயிட்டு வர்றோம்" என்றாள்.

"நானும் வர்றேனே" என்றேன், தரையைப் பார்த்து.

"உங்களுக்கு எப்படீங்க முடியும்? அன்னைக்குக் குன்னூர்ல உண்ணாவிரதம் இருக்குதில்ல."

"அது இன்னைக்கு..."

"இன்னைக்கு எங்கீங்க நடந்துச்சு? நீங்க பஸ் ஏறினதுமே லூயிஸ் அண்ணன் வந்து சொல்லிட்டுப் போனாரு. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்காங்களாம். ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வெச்சாச்சு. எங்க ஊட்டுக்காரருக்கு முன் வரிசையில இடம் போடுங்கண்ணான்னு சொல்லியிருக்கேன். கூட்டிட்டுப் போக அவரே ஊட்டுக்கு வர்றாராம்."

வெட்கம் இருக்கிறவன் அதோடு எழுந்து போய்ப் படுத்திருப்பான். எனக்கும் வெட்கம் இருந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திக் கேட்டேன்.

"படத்தைப் பத்தி... ஏதாச்சும் சொன்னாங்களா?"

சுகுணா கலைமதியின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"ஆறுதல் பரிசுதானுங்க. கை இன்னும் திருந்தலை, சின்னப் பிள்ளைதானே, போகப் போக வந்துரும்னாங்க."