சோமுவுக்குப் போட்ட கட்டில்

எனக்குக் கோபம் அதிகம் என்று காரைக்குடியில் நாலு பேர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். என்னைச் சுற்றி இருக்கிறவர்களுக்குப் பொறுப்பு குறைச்சல், அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் கிடந்து, ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவன் நான். பிரேக் சரியில்லாத ஒரு வண்டியை என் கையைத் தாண்டி ரோட்டுக்கு விட்டதில்லை. டிரைவர், கண்டக்டர், மேனேஜர் என்று பார்க்காமல் கத்தியிருக்கிறேன். நான் கத்தினதால்தான் வண்டிகள் ஓடின. (வீட்டில் இதைச் சொன்னால், "நாங்க என்ன பஸ்ஸா?" என்று கேட்பாள் என் மனைவி செல்வி.)

இப்படிப்பட்ட நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி நடுக்கூடத்தில் நின்று கத்தி, நாறிப்போய், கடைசியில் பச்சை அங்கி மாட்டிப் படுத்த கதையைச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டால் சோமு சொல்லுவான். அவன் சொல்லுகிற கதையில் எனக்கு இன்னும் கொஞ்சம் மானம் போகும்.

சோமு, காதர், நான் மூன்று பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். சோமுவுக்குப் பாத்திரக்கடை. காதருக்குத் தையல்கடை. அறுபது தாண்டியதும் மூவரும் காலையில் நடக்க ஆரம்பித்தோம். நடக்க என்று பேர்தான். முதல் சுற்றில் காதரின் முழங்கால் மக்கர் பண்ணும். இரண்டாவது சுற்றில் சோமுவுக்கு மூச்சு வாங்கும். அப்புறம் டீக்கடை. அங்கே உட்கார்ந்து, யாருக்கு எந்தக் கலரில் மாத்திரை என்று இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உடம்பையும் வண்டி மாதிரி பாக்கணும்டா. காலாகாலத்துல சர்வீஸ் பாக்காம இப்ப வந்து புலம்புனா?" என்று கத்துவேன். நான் அப்போது மாத்திரையே போடுவதில்லை. ஏனென்றால் டாக்டரிடம் போனதில்லை. ஏன் போகவில்லை என்றால், எனக்கு ஒன்றும் இல்லை. (ஒரு மடையன் இதைவிடத் தெளிவாக யோசிக்க முடியாது.)

இடது தோளில் மட்டும் அவ்வப்போது ஒரு வலி வரும். அதற்குக் காரணம் என் கார் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். இருபத்தாறு வருஷத்து வெள்ளைக் கார். பின் கண்ணாடி ஏறாது, ஏறினால் இறங்காது. ரேடியேட்டர் ஹோஸில் விரிசல் விட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக் கம்பி போட்டு முறுக்கியிருந்தேன். டிப்போவில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அந்தக் கம்பியாலேயே அவனைக் கட்டிப்போட்டிருப்பேன். ஸ்டியரிங் இறுகிவிட்டது, அதனால்தான் தோள் வலிக்கிறது என்று தினமும் காரைத் திட்டுவேன். அதுவும் பாவம், கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் நடக்கும்போது சோமு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய் ஆஞ்சியோ பண்ணியே ஆகணும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். சோமுவின் மனைவி அப்போது சிங்கப்பூரில், மகள் தேனுவின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தாள். தேனுவுக்கு எட்டாவது மாதம்.

"அவளுக்குத் தெரியவே கூடாதுடா" என்றான் சோமு. "தெரிஞ்சா வயித்தப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவா. இல்ல, அங்கன உக்காந்து அழுதே உடம்பக் கெடுத்துக்குவா. முடிஞ்சப்பறம் நானே சொல்லிக்கிறேன்."

ஆக, அவனுக்கு இங்கே இருந்தது நானும் காதரும்தான். பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும், பதினொரு மணிக்கு ஆஞ்சியோ, முந்தின இரவிலிருந்து வயிறு காலியாக இருக்க வேண்டும். ஃபைலை என் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"டாக்சி சொல்லிருவோமே" என்றான் காதர்.

"என் வண்டி இருக்கும்போது எதுக்குடா டாக்சி?" என்று கத்தினேன். முதல் தப்பு அதுதான்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். குன்றக்குடி தாண்டியதும் சூட்டைக் காட்டும் முள் ஏற ஆரம்பித்தது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். திருப்பத்தூருக்குள் நுழையும்போது காதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மாப்ள, முன்னாடி பொகையா தெரியுதே, அது என் கண்ணுல உள்ள பொறையா?" என்று கேட்டான். புரை இல்லை. பானெட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

வண்டி நின்ற இடத்துக்கு எதிர்த் தெருவில் சோமுவின் சம்பந்தி வீடு. தேனுவைக் கட்டிக்கொடுத்த வீடு. தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று போனோம். சம்பந்தியம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க சம்பந்தி. இதென்ன, வாசல்ல நின்னு தண்ணி கேக்குறீக? உள்ள வாங்க. எங்குட்டு இம்புட்டுக் காலைல?"

"மதுரைல ஒரு கல்யாணம்" என்றான் சோமு.

"கல்யாணச் சாப்பாடு மதியத்துக்குத்தான? பொண்ணு குடுத்த வீட்டுக்கு வந்துட்டு கை நனைக்காமப் போவீகளாக்கும்?"

எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சு இல்லை. சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். முடிவாகிவிட்டால் சாப்பிடாமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் மனத்தாங்கல் என்று அர்த்தம். அது பத்து வருஷம் கழித்து ஏதாவது விசேஷ வீட்டில் வெடிக்கும். சோமு என்னைப் பார்த்தான். நான் பொறுப்பானவன் அல்லவா, உடனே வாயைத் திறந்தேன்.

"அவனுக்கு இன்னைக்கு விரதம்மா."

"புதன்கெழம என்னண்ணே விரதம்?"

காதர் கைகொடுத்தான். "வேண்டுதல்மா. மகளுக்கு நல்லபடியா பிரசவம் ஆகணும்னு."

சம்பந்தியம்மா அப்படியே நின்றார். கண் நிறைந்துவிட்டது. "என் மருமகளுக்காகவா? பெத்தவுகளுக்குத்தான் அந்த மனசு வரும். அதுக்காக வெறும் வயித்தோட அனுப்புவேனா? விரதத்துக்கு உப்புச் சேராத பலகாரம் சாப்பிடலாம். பணியார மாவு ஆட்டி வச்சிருக்கேன். அஞ்சு நிமிசம், பால் பணியாரமாப் போட்டுத் தாரேன்."

பொய் சொன்னால் அளவாகச் சொல்ல வேண்டும். காதருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

நான் அவனைத் தனியாக இழுத்து, "இவன் வாய்க்குள்ள ஒண்ணும் போகக்கூடாது. நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனேன். டியூப்பை அவிழ்த்து, மறுபடி சுற்றி, தண்ணீர் ஊற்றி, தோள் வலிக்க வலிக்கக் கம்பியை முறுக்கிவிட்டு அரைமணி நேரம் கழித்து உள்ளே போனேன். சோமு முன்னால் ஒரு கிண்ணம் இருந்தது. அடியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். காவலுக்கு வைத்த காதர் (சர்க்கரை முந்நூறு) தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தான்.

"பதினொண்ணு வச்சேன், ஒண்ணு மிச்சமில்ல" என்றார் சம்பந்தியம்மா. "அண்ணே, நீங்களாவது ரெண்டு..."

"கையெல்லாம் கிரீஸும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

கார் கிளம்பியதும் ஆரம்பித்தேன். திருப்பத்தூரிலிருந்து மேலூர் வரைக்கும் மூச்சுவிடாமல் கத்தினேன். "பதினொண்ணா? ஒரு வாய் தின்னுட்டு வயிறு சரியில்லன்னு சொல்ல வாய் வரல? நெஞ்சுல அடைப்ப வச்சுக்கிட்டு தேங்காப்பால் கேக்குதா உனக்கு? டேய் காதரு, உன்னைக் காவலுக்கு வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்." பின்சீட்டில் காதர் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். மேலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது சோமு மெதுவாகச் சொன்னான்.

"அந்தம்மா தேனுவப் பத்திப் பேசிக்கிட்டே வச்சாக. ஒருவேளை திரும்பி வராமப் போனா, கடைசியா எம்பொண்ணு வாழுற வீட்டுல சாப்பிட்டதா இருக்கட்டும்னு தோணுச்சுடா."

"வாய மூடு" என்று அதுவரை கத்தாத சத்தத்தில் கத்தினேன். எனக்குக் கண் மறைத்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். எனக்கு இருந்தது கோபம் இல்லை, பயம். ஆனால் அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது நர்ஸ். "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். சோமு அரிச்சந்திரனாகி வாய் திறந்தான். "ஏழே காலுக்கு. பதினொரு பால் பணியாரம்."

"அப்ப இன்னைக்குப் பண்ண முடியாதுங்க. நாளைக்கு வச்சுக்கலாம்."

அவ்வளவுதான். நான் எகிறிவிட்டேன். நாளைக்கா? இன்றைக்கு ராத்திரி இவனுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? பணியாரத்துக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? முப்பத்தைந்து வருஷம் ஃபோர்மேன் நான், வந்த வண்டியைத் திருப்பி அனுப்பினதே இல்லை தெரியுமா? (அனுப்பியிருக்கிறேன். தினமும்.) கூடத்தில் இருந்த நோயாளிகள் எல்லாம் தங்கள் நோயை மறந்து என்னைப் பார்த்தார்கள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. தோளை மறு கையால் அமுக்கிக்கொண்டு, அந்தக் கையையே ஆட்டி ஆட்டிப் பேசினேன்.

நர்ஸ் சத்தத்தை உயர்த்தவே இல்லை. "சார், உக்காருங்க. சும்மா ஒரு தடவை பாத்துருவோம்" என்று பிரஷர் மிஷினை எடுத்தார்.

"நல்லாப் பாரும்மா. புது வண்டி மாதிரி இருக்கும்" என்று கையை நீட்டினேன்.

ஒரு தடவை பார்த்தார். மறுபடி பார்த்தார். மறு கையில் பார்த்தார். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டார். "தோள் வலி எத்தனை நாளா இருக்கு?" என்றார்.

"அது ஸ்டியரிங்கும்மா."

அப்புறம் நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. சக்கர நாற்காலி வந்தது. ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் வந்து அந்தத் தாளைப் பார்த்து உதட்டைக் கடித்தார். "நீங்க எப்ப சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நேற்று ராத்திரி என்றேன். மூன்று பேரில் வயிறு காலியாக வந்தவன் நான் ஒருவன்தான். பதினொரு மணிக்குச் சோமுவுக்கு ஒதுக்கின நேரத்தில், சோமுவுக்குப் போட்ட கட்டிலில், என்னைப் படுக்கவைத்தார்கள். கட்டில் தலைமாட்டில் அவன் பேரை மாற்றக்கூட நேரமில்லை. சாயங்காலம் வரைக்கும் நான் சோமசுந்தரம்தான்.

கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார்கள். சோமு முன்னால் வந்தான். நெஞ்சடைப்பு என்று வந்தவன், எனக்குத் துணைக்கு வந்தவனாகிவிட்டான். "பேஷண்டுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டதற்கு, "ஆறாங் கிளாஸ்" என்றான். அப்படி எழுத முடியாது என்றதும் அண்ணன் என்று போட்டான்.

எனக்கு இரண்டு அடைப்பு. இரண்டு ஸ்டென்ட். மறுநாள் அந்தப் பாவி வெறும் வயிற்றோடு பக்கத்துக் கட்டிலில் படுத்தான். அவனுக்கு ஒன்று. "எனக்கு ஒண்ணு, அவனுக்கு ரெண்டு. சின்னதுலருந்தே எல்லாத்துலயும் அவனுக்குக் கூட வேணும்" என்று டாக்டரிடம் புகார் சொன்னான். அவன் பணியாரம் தின்னாமல் இருந்திருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன், என்னை யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். இதை அவனே கண்டுபிடித்து, பார்க்க வந்த எல்லோரிடமும் சொன்னான். என் உயிரைக் காப்பாற்றத்தான் பதினொன்று தின்றானாம்.

செல்வி வந்தாள். அழவில்லை. "காருக்கு ஆயில் மாத்துற தேதிய செவுத்துல எழுதி வச்சிருக்கீக. உங்களுக்கு எங்க எழுதி வச்சிருக்கீக?" என்று மட்டும் கேட்டாள். அன்று ராத்திரி எனக்கு வந்த கோபத்துக்கு என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

இரண்டு மாதம் கழித்து காரை எடுத்தேன். ஸ்டியரிங் லேசாகத்தான் திரும்பியது. அதில் எந்தக் கோளாறும் இருந்ததே இல்லை. ஹோஸை மட்டும் புதுசாக மாற்றினேன்.

அந்த நர்ஸ் சொன்ன வார்த்தை மட்டும் எங்களை விடவில்லை. என் வீட்டிலோ சோமு வீட்டிலோ யார் சத்தம் போட்டாலும், சின்னது பெரியது பார்க்காமல், "உக்காருங்க, சும்மா ஒரு தடவை பாத்துருவோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். செல்வி கைப்பையில் மிஷினோடுதான் வெளியே வருகிறாள்.

போன மாதம் தேனுவின் மகளுக்குத் திருப்பத்தூரில் காதுகுத்து. சம்பந்தியம்மா என்னை எல்லோருக்கும் காட்டி, "விரதம்னு பொய் சொன்ன அண்ணே இவுகதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கிண்ணம் நிறையப் பால் பணியாரம் வந்தது. இரண்டு உள்ளே போய்விட்டது. மூன்றாவதை எடுக்கும்போது கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம்.

"டேய் முண்டம். இன்னைக்கு வெறும் வயித்துல டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும்னு சொன்னியே. அறிவிருக்காடா உனக்கு? உன்னைத் தூக்கிக்கிட்டு இன்னொரு தடவை என்னால ஓட முடியாதுடா."

சோமு. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழக்கம், அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. முகமெல்லாம் சிவந்து, அத்தனை சனத்துக்கு நடுவில் நின்றான். செல்விதான் பையிலிருந்து மிஷினை எடுத்தாள்.

"உக்காருங்கண்ணே. சும்மா ஒரு தடவை பாத்துருவோம்."

கூடமே சிரித்தது. சோமு உட்கார்ந்து கையை நீட்டினான். மிஷின் ஏறி, இறங்கி, நம்பர் வருகிற வரைக்கும் நான் அந்த மூன்றாவது பணியாரத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.