ஒப்பீட்டுப் பயனாளர் வெண்டல் டாஃப்டி

மனித குலம் எத்தனையோ போர்களைப் பார்த்திருக்கிறது. ஆனால் ஆயுதம் எதையும் வாங்காமலேயே ஒன்பது ஆண்டுகள் முன்னணியில் நின்று போரிட்ட வீரர் என்று ஒருவரைத்தான் காட்ட முடியும். அவர் ஆரெகன் மாநிலத்து ஹில்ஸ்பரோவில் வசிக்கும் வெண்டல் டாஃப்டி. போர், மேசைக் கணினிகளுக்கு சிப் தயாரிக்கும் கோர்வேன் நிறுவனத்துக்கும் ஹெல்மார்க் நிறுவனத்துக்கும் இடையே நடப்பது. வெண்டல் கோர்வேன் பக்கம்.

பகலில் அவர் மாவட்டச் சாலைத் துறையில், ரோட்டின் நடுவே மஞ்சள் கோடு போடும் வண்டியை ஓட்டினார். ஐந்தரைக்கு வீடு திரும்பியதும் கணினியின் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, உடை மாற்றி, நாய்க்குத் தீனி வைத்துவிட்டு வந்தால் திரையில் பாதி வந்திருக்கும். மீதி வருவதற்குள் ஒரு காபி. அதன் பிறகு இணைய மன்றத்தில் இறங்கி, கோர்வேன் சிப்பின் வேகத்தைப் பற்றி எழுதுவார்.

எதிரணித் தளபதி, பாய்சி நகரில் பம்ப் செட் பழுது பார்க்கும் ரஸ் ஒகிமோட்டோ. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. கோர்வேன் சிப்பின் மேல் முட்டை பொரிக்கலாம் என்று ரஸ் எழுதுவார். ஹெல்மார்க் சிப் சூடாகாததற்குக் காரணம் அது வேலை செய்யாததுதான் என்று வெண்டல் எழுதுவார். இப்படியாகத் தொழில்நுட்பம் வளர்ந்தது.

அப்படிப்பட்டவர் ஏன் புதுக் கணினி வாங்கவில்லை என்று சிலர் கேட்கலாம். விஷயம் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் வெண்டல் வாங்கத் தயாராவார். உடனே, இலையுதிர் காலத்தில் வரப்போகும் சிப் பற்றி ஒரு செய்தி 'கசியும்'. பதினாறு கோர், அதாவது ஒரே சிப்புக்குள் பதினாறு மூளை, என்று வதந்தி. இருபத்துநாலு கோர் என்று ரசிகர்களின் கோரிக்கை. இந்த நிலையில் வாங்குபவன் மனிதனா? வெண்டல் பொறுத்திருப்பார். இலையுதிர் காலத்தில் சிப் வரும். கூடவே அடுத்த வசந்தத்துச் சிப்பின் படமும் வரும்.

இந்தத் தவத்தில் ஒரே ஒரு சிறு இடைஞ்சல், அவர் மனைவி மார்லிஸ். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவர் தொழில். அதே கணினியில்தான் அந்த வேலையும் நடந்தது. மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தயாரிக்க வைத்துவிட்டு, அடுப்பில் மாட்டிறைச்சியை வேக வைத்தால், இறைச்சி முதலில் தயாராகும். பதினொரு கல்யாணங்கள் நிலுவையில் இருந்தன.

"கெய்லின் மறுபடியும் போன் பண்ணா, வெண்டல். அவ கல்யாண வீடியோ என்னாச்சுன்னு கேக்கறா."

"அக்டோபர்ல இருபத்துநாலு கோர் வருது, மார்லிஸ். வந்ததும் ஒரே அமுக்கு. முடிஞ்சிடும்."

"அக்டோபர்ல அவளுக்குக் குழந்தை பொறக்குது."

வெண்டல் சற்று யோசித்து, அப்படியானால் இரண்டு வீடியோவையும் சேர்த்தே செய்துவிடலாம் என்றார். அந்த வாரம் இரண்டு மணப்பெண்கள் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்ததை மார்லிஸ் அவரிடம் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கோர்வேனிலிருந்து கடிதம் வந்தது. 'மிக விசுவாசமான ஆதரவாளர்' என்று வெண்டலைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், அக்டோபரில் சாண்டா கிளாரா நகரில் நடக்கும் வெளியீட்டு விழாவுக்கு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். இணைப்பாக ஒரு படிவம்: தற்போது பயன்படுத்தும் கணினி எது? வெண்டலுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பொய் சொல்லத் தெரியாதவர். உள்ளதை உள்ளபடி நிரப்பி அனுப்பினார்.

சாண்டா கிளாராவில் அவரை வரவேற்றது நிறுவனத்தின் 'எதிர்பார்ப்பு மேலாண்மைத் துறை'. எதிராளியின் சிப்பை யாரும் வாங்கிவிடாத அளவுக்கு ஆசையைக் கூட்டுவதும், தங்கள் சிப் வரும்போது யாரும் அழாத அளவுக்குக் குறைப்பதும் அதன் புனிதமான பணி. துறைத் தலைவி கோர்ட்னி லிண்ட்க்விஸ்ட் வெண்டலை உட்கார வைத்து, தணிந்த குரலில் கேட்டார்.

"ஒன்பது வருஷமா அதே கம்ப்யூட்டரா, மிஸ்டர் டாஃப்டி? எதையுமே மாத்தலையா? மெமரி கூட?"

"மெமரி கூட மாத்தல. மன்னிச்சுக்குங்க."

"உள்ள தூசி தட்டினீங்களா?"

"அதுவும் இல்ல."

கோர்ட்னி பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று மாலைக்குள் வெண்டல் கோர்வேனின் 'ஒப்பீட்டுப் பயனாளர்' ஆனார். ஒரு கேடயம், ஓர் அளவு சிறிய டி-ஷர்ட், ஏழு பக்க ஒப்பந்தம். ஒப்பந்தக் காலத்தில் அவர் தம் கணினியை மாற்றவோ, பழுது பார்க்கவோ, துடைக்கவோ கூடாது. புதிதாக ஒன்றை வாங்கவும் கூடாது. இவ்வளவு பெரிய நிறுவனம் தம் பழைய பெட்டியை மதிக்கிறதே என்று வெண்டல் உருகிப்போய்க் கையெழுத்திட்டார்.

மறுநாள் மேடையில் பெரிய திரை. அதில் ஓங்கி நின்ற ஒரு நீலக் கோடு, அதன் காலடியில் ஒரு சாம்பல் கோடு. பழைய கணினியைவிட நான்கு மடங்கு வேகம் என்றார் பேச்சாளர். அந்தச் சாம்பல் கோட்டுக்குச் சொந்தக்காரர் இதே அரங்கில் இருக்கிறார் என்றும் சொன்னார். அறுநூறு பேர் கைதட்டினார்கள். வெண்டல் எழுந்து நின்று கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் மன்றத்தில் பார்த்தால், ரஸ்ஸுக்கும் ஹெல்மார்க் ஒரு கேடயம் கொடுத்திருந்தது. எந்தக் கேடயம் கனம் என்று இருவரும் இரண்டு வாரம் சண்டையிட்டார்கள்.

மார்லிஸ் ஒப்பந்தத்தை ஏழு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"வாங்கக் கூடாதுன்னு உனக்குத்தானே போட்டிருக்கு? எனக்கு ஒண்ணும் இல்லையே?"

வெண்டல் யோசித்துப் பார்த்து, இல்லைதான் என்றார். அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மார்லிஸ் பீவர்ட்டனில் இருக்கும் கடைக்குப் போனார். கோர்வேனா ஹெல்மார்க்கா என்று விற்பனையாளர் கேட்டதற்கு, இப்போதே கார் டிக்கியில் ஏற்றக்கூடியது எதுவோ அது என்றார். இரண்டே வாரத்தில் நிலுவையிலிருந்த கல்யாணங்கள் எல்லாம் முடிந்தன. கெய்லின் தன் வீடியோவைக் கைக்குழந்தையோடு வந்து வாங்கிப்போனாள். ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட வெண்டல், பழைய பெட்டியோடு கராஜுக்குக் குடிபெயர்ந்து, புல்வெட்டும் எந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேகத்தைப் பற்றி எழுதிவந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனத்து இன்ஜினியர் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, பெட்டியைத் திறக்காமல் அளவெடுத்து, நிலைமை 'மிகத் திருப்திகரம்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அக்டோபரில் அடுத்த சிப் வந்தது. கராஜ் கணினியில் விழா தெரியாததால், அதை மார்லிஸின் கணினியில் இருவருமாகப் பார்த்தார்கள். நீலக் கோடு எழுந்தது. இந்த முறை ஐந்து மடங்கு.

"பாத்தியா?" என்றார் வெண்டல். "ஒரே வருஷத்துல நாலு, அஞ்சாயிடுச்சு. ரஸ் இன்னிக்கு வாயத் தொறக்கமாட்டான்."

மார்லிஸ் தொழில் பழக்கத்தில் காட்சியை நிறுத்தினார். போன வருடத்து விழாவையும் தேடி எடுத்து, அதே இடத்தில் நிறுத்தி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு நீலக் கோடுகளும் மயிரிழை பிசகாமல் ஒரே உயரம்.

"அவங்க கோடு வளரவே இல்ல, வெண்டல். உன் கோடுதான் குட்டையாயிருக்கு."

வெண்டல் திரைக்கு அருகே போய்ப் பார்த்தார். பிறகு விரலை வைத்தும் அளந்து பார்த்தார். இருபத்தாறு வருடமாகக் கோடு போடுவதையே தொழிலாகக் கொண்ட மனிதர். ஒரு கோட்டைப் பார்த்து அவர் அதுவரை வெட்கப்பட்டதில்லை. காது மடல் சிவந்துவிட்டது. கெய்லின் கைக்குழந்தையோடு வாசலில் நின்று வீடியோவை வாங்கிப்போனது நினைவுக்கு வந்தது. மார்லிஸ் அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காபி போடப் போனார்.

அவர் கோர்ட்னிக்குப் போன் செய்தார். கோபப்படவில்லை, விசுவாசிக்குக் கோபம் வராது. ஒப்பீட்டுப் பயனாளர் பதவியிலிருந்து விலகுவதாகவும், கேடயத்தைத் தபாலில் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். ஆனாலும் பத்து வருட உறவை அறுக்க மனம் வராமல், இன்றைக்கே கடைக்குப் போய், தம் வாழ்வில் முதல்முறையாக ஒரு புதுக் கோர்வேன் சிப் வாங்கப்போவதாகவும் சொன்னார்.

எதிர்முனையில் நாற்காலி நகர்வதும் கதவு சாத்தப்படுவதும் கேட்டன.

"அவசரப்படாதீங்க, மிஸ்டர் டாஃப்டி," என்றார் கோர்ட்னி. "எங்க சிப்ப நீங்களே வாங்கிட்டீங்கன்னா, அது எதவிட வேகம்னு நாங்க ஊருக்குச் சொல்றது?"