பூட்டு அண்ணனின் பாஸ்வேர்டு

பினாங்குத் தீவிலேயே தன் ரகசியம் தனக்கே தெரியாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பூட்டு அண்ணன்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை எங்கள் சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலையும் அவர் பூட்டி வைத்திருந்தார்.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ். உள்ளறையில் வக்கீலம்மா, வாசலில் சித்ரா, மொழிபெயர்ப்புக்கு நான், ஆவணங்களுக்குப் பூட்டு அண்ணன். வக்கீல் ஆபீசுக்குச் சிரித்துக்கொண்டே யாரும் படியேறுவதில்லை. வருவதெல்லாம் உயில், விவாகரத்து, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வீட்டுக்காக அடித்துக்கொள்வது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம், விளக்கு விட்டுவிட்டு எரியும். அந்த இடத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வேடிக்கை அண்ணன்.

துறைமுகத்தில் பல வருடம் வேலை பார்த்து, அந்த இரைச்சலில் ஒரு காதைப் பறிகொடுத்தவர். பிறகு கம்ப்யூட்டர் படித்து எங்களிடம் வந்தார். வந்ததும் வாடிக்கையாளர்களின் ஆவணங்களையெல்லாம் கணினியில் ஒரே பெட்டகமாக்கி, என்கிரிப்ஷன் செய்து பூட்டினார். பாஸ்வேர்டு இல்லாமல் அதற்குள் எட்டிப் பார்த்தால் வெறும் எழுத்துக் குப்பைதான் தெரியும். அதோடு விட்டாரா? லீவுப் பட்டியலைப் பூட்டினார். டீ வாங்கும் பட்டியலைப் பூட்டினார். ஒரு வருடம் வக்கீலம்மாவின் தீபாவளி வாழ்த்தையே பூட்டி எல்லோருக்கும் ஈமெயிலில் அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“என் மேல யாரும்மா கேஸ் போட்டது? வக்கீல் ஆபீசுலேர்ந்து பூட்டுன லெட்டர் வந்திருக்கு. எனக்கு சாப்பாடே எறங்கல லா.”

“அது தீபாவளி வாழ்த்துய்யா,” என்றாள் சித்ரா.

“வாழ்த்த எதுக்கும்மா பூட்டணும்?”

அண்ணன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “இன்னிக்கு வாழ்த்த தொறந்து போட்டா, நாளைக்கு உங்க உயில தொறந்து போடுவாங்கய்யா.”

பெரியவருக்கு அது நியாயமாகப் பட்டது. அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பெட்டகத்தின் பாஸ்வேர்டு எங்கே இருந்தது என்பதுதான் இதில் உச்சம். அது அண்ணனிடம் இல்லை. ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில், அவர் மனைவியிடம் இருந்தது.

“எவனாவது கத்திய காட்டி கேட்டான்னு வை, நா சொல்லிருவேன் தம்பி. நா பயந்தாங்கொள்ளி. எனக்கே தெரியலன்னா அவன் என்னா செய்வான்?”

“அக்காகிட்ட போயி கத்திய காட்டுனா?”

“அவகிட்டயா? கத்திய புடுங்கி வெங்காயம் அரிவா!”

திங்கட்கிழமைதோறும் அக்கா புது பாஸ்வேர்டு வைப்பார். அன்று வீட்டில் என்ன சமையலோ அதுதான் பாஸ்வேர்டு. தினமும் காலையில் அண்ணன் போன் செய்து கேட்பார், தட்டுவார், சத்தியமாக மறந்துவிடுவார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேச்சு. “எல்லாரும் காத பொத்துங்க!” என்று கையைத் தூக்குவார். நாங்கள் பொத்திக்கொள்வோம். அந்நேரத்துக்கு அக்கா பாசாரில் நிற்பார். மீன்காரர்களின் கூச்சலுக்கு மேலே அவர் குரல் வரும்.

“சம்பல் சோத்தோங்! ரெண்டு எஸ்ஸும் பெருசு! நடுவுல நட்சத்திரம், கடைசில ஏழு! கேட்டுச்சா? சாப்புட்டதும் மாத்திர போடுங்க!”

கீழே தெருவில் போகிறவர்களுக்கே கேட்டிருக்கும். ஆயர் ஈத்தாம் பாசாரில் பாதிப் பேருக்கு எங்கள் வாடிக்கையாளர்களின் உயில்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. அண்ணன் போனை வைத்துவிட்டுத் திரும்புவார். “பொத்துனீங்களா?”

“ஒண்ணுமே கேக்கலண்ணே!” என்போம் ஒரே குரலில். காதைப் பொத்தியவர்களுக்கு அவர் கேட்டது மட்டும் எப்படிக் கேட்டது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா சமையலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இடுகாட்டில் அண்ணன் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

காரியமெல்லாம் முடிந்துதான் அவர் வேலைக்கு வந்தார். அதுவரை பெட்டகத்தை யாரும் தொடவில்லை. வக்கீலம்மா கையில் இருந்த காகிதங்களை வைத்தே ஒப்பேற்றினார்.

அன்று காலை அண்ணன் உட்கார்ந்தார், கணினியைப் போட்டார், ஸ்பீக்கரில் போனை அழுத்தினார். “காத பொத்துங்க,” என்று கையைத் தூக்கினார். நாங்களும் பொத்திக்கொண்டோம். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் போனை அவர் வீட்டில் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு மலாய்க் குரல், நீங்கள் அழைத்தவரோடு இப்போது பேச முடியாது என்று சொல்லிவிட்டு நின்றது.

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து உள்ளறை வாசலில் போய் நின்றார்.

“மேடம், எல்லாத்தையும் தொலைச்சிட்டேன். இனி யாராலயும் தொறக்க முடியாது. என்னைய வேலைய வுட்டு அனுப்பிருங்க.”

இந்த வேலையும் போனால் அவர் அந்த ஃபிளாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். அக்கா கடைசியாக வைத்த பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், நீங்கள் கட்டிக்காத்த ரகசியம் இத்தனை வருடமும் வெறும் கூத்து என்று, மனைவியைப் பறிகொடுத்தவரின் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். நானும் சித்ராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சித்ராதான் வாய் திறந்தாள். “அண்ணே... ரசம் அப்பளம்.”

அவர் மெதுவாகத் திரும்பினார். “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க எல்லாருக்கும் தெரியும்ணே.”

“எல்லா வாரமுமா?”

“எல்லா வாரமும்.”

திட்டுவார் என்று நினைத்தேன். பாதுகாப்பு, ஒழுங்கு என்று ஆபீசே அதிரும் என்று நினைத்தேன். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மேஜைக்குத் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. முழுசா.”

“ரசம் அப்பளம்,” என்று சித்ரா ஆரம்பித்தாள். “ஆர் பெருசு, ஏ பெருசு...” அதற்கு மேல் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

“நடுவுல நட்சத்திரம், கடைசில மூணு,” என்றேன் நான். “கேட்டுச்சா?”

உள்ளறையிலிருந்து வக்கீலம்மாவின் குரல் வந்தது. கோர்ட்டில் கேட்கும் குரல் இல்லை அது. அந்த வியாழக்கிழமை காலை அக்கா போனில் கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னார். “மழ வருது. கொடைய வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டீங்க. நனையாம வாங்க.”

அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பெட்டகம் திறந்தது. அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அவர் வேலையை விட்டு ஓய்வு பெறும்வரை அந்தப் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. அவர் போன பிறகும் அதை மாற்ற எங்கள் யாருக்கும் கை வரவில்லை.