பெரியவர் செத்த ஞாயிற்றுக்கிழமை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாருக்கும் பொய்ச் சாவு சொல்லவில்லை. உரக்கடை அண்ணனிடம் அன்றைக்குப் போனில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சத்தியமான உண்மை. எந்த வீட்டில் நடந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதற்காக இத்தனை வருடமாக என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது அநியாயம். கல்யாணம், காதுகுத்து, எங்கே போனாலும் “அந்த போன் பண்ண பொண்ணு இதுதானா?” என்று யாராவது எட்டிப் பார்க்கிறார்கள். (ஆமாங்க, இதுதான். நல்லாப் பாத்துக்கோங்க.)

தொண்ணூறுகளின் நடுவில் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு டிவியில் ஒரு மர்மத் தொடர் வந்துகொண்டிருந்தது. பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் வீட்டில் மறுபடியும் சண்டை வரும். முதல் வாரமே பங்களாவின் எஜமானர் கிணற்றில் விழுந்து செத்துப்போவார். அவரை எல்லாரும் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். உடம்பை மட்டும் காட்டவே மாட்டார்கள்.

அப்போது நான் திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். திங்கட்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ரிக்கார்டு ரூமில் எங்கள் கமிட்டி கூடும். யார் கொலைகாரன், எதற்குக் கொன்றான், ஜன்னல் ஏன் திறந்திருந்தது என்று ரசம் சாதம் ஆறிப்போகும் வரை பேசுவோம். என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: பெரியவர் சாகவில்லை. தாடி ஒட்டிக்கொண்டு அதே பங்களாவில் தோட்டக்காரராக வேலை பார்க்கிறார். முதல் வாரத்தில் பெரியவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார், மூன்றாவது வாரத்தில் தோட்டக்காரர் இடது கையால் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். மொத்த ஆபீசிலும் இதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.)

எதிர்க்கட்சி, கீழ்பென்னாத்தூரில் இருந்த என் அத்தை மகள் தேவி. “செத்தவரு செத்தவருதான்டி, சும்மா கனா காணாத” என்பாள். இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தோம். யார் தோற்றாலும் அன்றைக்கே போன் செய்து தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவி வீட்டில் போன் கிடையாது. எதிரே இருந்த உரக்கடைக்குப் பேசினால் கடைக்கார அண்ணன் கூப்பிட்டுக் கொடுப்பார்.

இதெல்லாம் ரகசியமாகத்தான் நடந்தது. ஏனென்றால் தேவியின் அம்மா சரோஜா அத்தை எங்கள் வீட்டு வாசலை மிதித்துப் பதினோரு வருடமாகியிருந்தது. காரணம் ஒரு விளக்கு. அத்தைக்கும் அவள் அண்ணனான என் பெரியப்பாவுக்கும் அம்மா, அதாவது என் பாட்டி, வைத்திருந்த வெள்ளிக் காமாட்சி விளக்கு, ஒரு கார்த்திகை அன்று எங்கள் பூஜை அறையிலிருந்து காணாமல் போனது. “நீதான் எடுத்த” என்றார் பெரியப்பா. அத்தை தெருவுக்கு இறங்கி, மலையைப் பார்த்துக் கையை நீட்டி, “அந்த மலைமேல சத்தியமா நான் எடுக்கல. உங்க வீட்டு சின்ன மருமகளைக் கேளு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். எங்கள் ஊரில் அந்த மலையைக் காட்டிச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. சின்ன மருமகள் என்பது என் அம்மா. பெரியப்பா அம்மாவை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் அம்மாவுக்கு வலித்தது. வருடா வருடம் கார்த்திகைக்கு மண் அகலை ஏற்றும்போது அவள் முகம் இறுகிப்போகும்.

டிவியில் வந்த நாலு கொலையைத் துப்பறிந்த நான், வீட்டுக்குள் இருந்த இந்தத் திருட்டைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த ஞாயிறு தொடரில் சின்ன மருமகள் தோட்டக்காரருக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தாள். அவர் குடித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவள் தாடியைப் பிடித்து இழுக்க, கையோடு வந்துவிட்டது. உள்ளே பெரியவர்! “நான் சொன்னேன்ல!” என்று குதித்தேன். குதித்த கால் தரைக்கு வருவதற்குள் பெரியவரின் தலை தொங்கிவிட்டது. ஜெயித்த அதே நிமிடத்தில் தோற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா, “போச்சா உன் கட்சி?” என்று கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் காத்துக்கிடக்கத் தயாராகி, ஷேவிங்குக்கு சலூனுக்குக் கிளம்பினார். பெரியம்மா இறந்த பிறகு எங்களோடு இருந்தவர் அவர். தெருவிலும் உறவிலும் அவரையும் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். இந்த விஷயம் அன்று என் மண்டையில் உறைக்கவே இல்லை.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். உரக்கடை அண்ணன்தான் எடுத்தார்.

“அண்ணா, திருவண்ணாமலையில இருந்து கலா பேசறேன். தேவியைக் கூப்பிடுங்களேன்.”

“காலைல இருந்து இங்க கரண்டு இல்லம்மா, தேவி எங்கியோ போயிருக்குது. இன்னா சேதி? சொல்லு, சொல்லிடறேன்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். (தோல்விதான், வேறென்ன.) “பெரியவர் செத்துட்டாருண்ணா.”

“ஐயையோ! எப்போ?”

“இப்பத்தான். அரை மணி நேரம் ஆச்சு.”

“நல்லாத்தானம்மா இருந்தாரு?”

“நல்லாத்தான் இருந்தாரு. பால்ல விஷம் வச்சிட்டாங்க.”

“யாரு?”

“சின்ன மருமகதான். வேற யாரு?”

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “போலீஸ் வந்துச்சா?” என்றார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க.”

“அதானே, அவங்க என்னிக்கு நேரத்துக்கு வந்தாங்க” என்று பெருமூச்சு விட்டார். ஒரு உரக்கடைக்காரருக்குக்கூட இந்தத் தொடரில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே என்று எண்ணெய் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறிக் குளித்தேன். சீயக்காய் கண்ணில் போய் இரண்டு கண்ணும் சிவந்துவிட்டன. தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்ற சத்தம். அவிழ்த்துவிட்ட ஈரத் தலையோடும் சிவந்த கண்ணோடும் போய்க் கதவைத் திறந்தேன். வேனில் வந்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

சரோஜா அத்தை இறங்கி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “எப்படிடி போனாரு?”

“பால்லதான் அத்தை” என்றேன். பதினோரு வருடம் வராத அத்தை வேன் வைத்துக்கொண்டு வந்து தொடரைப் பற்றி விசாரிப்பது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. அவ்வளவு நல்ல தொடர் அது.

“மூஞ்சியக் காட்டுடி, ஒருவாட்டி பாத்துக்கறேன்!”

“ஒருவாட்டிதான் காட்டுனாங்க அத்தை, தாடி கழண்டப்போ.”

அழுகையில் அது அவள் காதில் விழவில்லை. அதற்குள் சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். அத்தை அவள்மேல் பாய்ந்தாள். “அடிப்பாவி! பால்ல விஷம் வச்சியே!”

“எந்தப் பாலு? காலைல பாலே திரிஞ்சு போச்சு!” என்றாள் அம்மா.

அப்போதுதான் அத்தையின் கணவர், மாமா, கையில் இருந்த ரோஜா மாலையைப் பார்த்தேன். “அத்தை, அது டிவியில...” என்று ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்? வேனில் வந்த பெண்கள் ஹாலில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். அத்தை நடுவில் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

பெரியப்பா முகம் பளபளக்க, கழுத்தில் பவுடரோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தார். தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து, வேன் டிரைவரிடம் “யாருங்க போனது?” என்று கேட்டிருக்கிறார். “இந்த வீட்டுப் பெரியவருங்க” என்று அவன் சொல்லியிருக்கிறான். நம்மைவிடப் பெரியவர் இந்த வீட்டில் யார் என்று குழம்பி, மரியாதைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அத்தை பாடிக்கொண்டிருந்தாள்.

“கூடப் பொறந்த அண்ணா, கூப்புடாமப் போயிட்டியே...
வெள்ளி வெளக்குக்காக வீட்டையே மறந்தேனே...
மலையைப் பாத்து நான் பொய்ச் சத்தியம் பண்ணேனே...
எடுத்தவ நான்தானே, எங்கண்ணா, நான்தானே...”

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“எங்க வச்சிருக்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அரிசி டிரம்முல அண்ணா, அடியில கீதே...” என்று அதே ராகத்தில் பாடி முடித்த பிறகுதான் அத்தை திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முதலில் பேச்சு வந்தது அம்மாவுக்குத்தான், பெரியப்பாவைப் பார்த்து. “பதினோரு வருஷம், மாமா. பதினோரு வருஷமா நான் திருடி. கேட்டுக்கினீங்களா?” அவள் குரல் உடைந்தது. பெரியப்பா எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அத்தை மட்டும் அடங்கவில்லை. “நீ செத்துட்டன்னுதானே சொன்னேன்! உசுரோட நின்னுகினு ஒட்டுக் கேட்டா, அது நியாயமா?” என்று அண்ணனோடு சண்டைக்குப் போனாள். பெரியப்பா மாமாவிடமிருந்து மாலையை வாங்கி, “செத்தவருக்குத்தானே வாங்கியாந்தீங்க” என்று டிவி பெட்டிக்குச் சாத்தினார்.

பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என்னென்ன சொன்னார்கள் என்பதை எழுத முடியாது. நான் அழவில்லை. “நம்ம வீட்டுப் பெரியவர்னு நான் சொன்னேனா? சொன்னேனா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஓட்டு அம்மாவுடையது. “என் பொண்ணை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டு, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் உலை வைத்தாள். (தேவி பக்கத்துத் தெருவில் பேட்டரி டிவியில் முழுத் தொடரையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் போன் செய்திருக்கவே வேண்டியதில்லை.)

அடுத்த ஞாயிறு அத்தை விளக்கோடு வந்தாள். பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரமாகப் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றினாள். சுற்றிய வழி நெடுக யார் கொலைகாரன் என்று என்னோடு வாதாடிக்கொண்டே வந்தாள். கடைசி வாரத்தில் செத்தது பெரியவரின் இரட்டைத் தம்பி என்று காட்டினார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே மாடிப்படியில் இறங்கி வந்தார். டிவி, வீடு, இரண்டு கதையிலும் நான் சொன்னபடி பெரியவர் சாகவில்லை. யாராவது பாராட்டினார்களா? எங்கள் வீட்டில் போனில் எது சொன்னாலும் ‘டிவியில’ அல்லது ‘நிஜத்துல’ என்று ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்டார்கள்.

அதற்குப் பல வருடம் கழித்து, ஒரு நாள் காலை நேரத்தில், நான் அத்தைக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. என் குரலைக் கேட்டதும் சிரித்தாள். “சொல்லுடி, எந்த சீரியல்ல?”

“இல்ல அத்தை” என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

பெரியப்பாவின் தலைமாட்டில் அந்தக் காமாட்சி விளக்குதான் எரிந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு மெதுவாக ஒப்பாரியை எடுத்தாள். “அன்னிக்கு வந்த மாதிரி பின்னால வந்து நில்லேண்ணா... எங்க வச்சிருக்கன்னு ஒருவாட்டி கேளேண்ணா...” ஹாலில் இருந்த அத்தனை பேரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாவிக்கொத்து காணோம், கண்ணாடி காணோம் என்றால் யாராவது “எங்க வச்சிருக்க?” என்பார்கள். நாலு பேர் ஒப்பாரி ராகத்தில் “அரிசி டிரம்முல” என்று பாடுவார்கள். நானும் சேர்ந்து பாடுகிறேன். ஆனால் ‘பெரியவர் செத்துட்டாரு’ என்று மட்டும் இன்னொரு தடவை என் வாயிலிருந்து வராது. அந்தக் கடைசிப் போனிலும் நான் அதைச் சொல்லவில்லை, ‘இல்ல’ என்றுதான் சொன்னேன். ரிக்கார்டு ரூமில் எடுத்த கட்சியை நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.