முனியாண்டி கேட்ட சுருட்டு

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட மாமாதான் பேசினார். நான் தேத்தண்ணி குடித்தேன். வீட்டில் லெட்சுமி பேசுவாள், நான் தலையாட்டுவேன். இத்தனை வருஷமாகக் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமியை எதிர்த்துப் பேசினேன். கையில் மைக் இருந்தது. அதை அடைக்க மறந்துவிட்டேன்.

மூவாரில் மேசை நாற்காலி செய்யும் கம்பெனியில் பலகை தேய்க்கிற வேலை எனக்கு. படிப்பு தமிழ்ப் பள்ளியோடு சரி. அதற்குப் பிறகு படிப்புக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாங்கள் இருப்பது டவுனுக்கு வெளியே ஒரு பிளாட். பாதிப் பேர் தோட்டம் மூடியதும் வந்தவர்கள். தோட்டத்தில் நாள் முழுக்க நடந்தவர்கள் இங்கே வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் இனிப்பு நீர் வந்தது, பிரஷர் வந்தது. கடைசியில் கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி ரோஸ்னாவும் வந்தார்.

மிஸ்ஸி (நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மலாய்க்காரர். முன்பு தோட்டத்து கிளினிக்கில் வேலை செய்து தமிழ் கற்றுக்கொண்டவர். பிளாட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்று கூட்டம் போட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேன்.

“அந்த அண்ணன் தலையாட்டுறாரு. அவரு போதும் லா” என்று மிஸ்ஸி என் பெயரை எழுதிவிட்டார்.

(வீட்டுக்குப் போகும்போது கோழி வாங்கணும் என்று லெட்சுமி காதில் சொன்னாள். அதற்குத்தான் தலையாட்டினேன்.)

வேலை இதுதான். கதவைத் தட்ட வேண்டும். தேத்தண்ணியில் சீனியைக் குறைங்க, கொஞ்சம் நடங்க, கிளினிக்குக்கு நாள் தவறாமப் போங்க என்று சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல வராது. கதவைத் தட்டிவிட்டு நிற்பேன். அவர்களும் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே, “சரிண்ணே, புரியுது, குறைச்சுக்கிறேன்” என்பார்கள். மாடிப்படியில் என் தலையைப் பார்த்ததுமே வீடுகளில் சீனி டப்பா மூடுகிற சத்தம் கேட்கும். மிஸ்ஸி அதை என் திறமை என்று நினைத்தார்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய ஆள் காளியப்பன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேயே வாயில் சுருட்டு முளைத்தவன். இனிப்பு நீரால் ஒரு கால் விரலை எடுத்தாகிவிட்டது. புண் ஆறவில்லை. சுருட்டை விடாவிட்டால் அடுத்தது பாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி புஷ்பம் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நான் சொன்னா சண்டையாவுது. ராத்திரி சோறு தின்னதும்தான் கை அதைத் தேடுது. நீங்க அந்த நேரத்துக்கு வந்து சும்மா பக்கத்துல உக்காருங்க. ஒண்ணும் பேச வேணாம்.”

பேச வேண்டாம் என்றதும் ஒப்புக்கொண்டேன். உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது. எனக்கு ஒரே இடத்தில் இருந்தால் கால் அரிக்கும். எழுந்து நிற்பேன், சன்னலைத் திறப்பேன், மூடுவேன், விரலைச் சொடுக்குவேன்.

“மணியம், சுருட்ட விட்டது நானா நீயா?” என்பான் காளியப்பன். “நீ படுற பாட்டப் பாத்தா எனக்கே குடிக்கத் தோணல.”

அப்படியே மாசங்கள் போயின. அவன் குடிக்கவில்லை. புண் காய ஆரம்பித்தது. கிளினிக்கில் காலைப் பார்த்துவிட்டு மிஸ்ஸி என் தோளில் தட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மிஸ்ஸி அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தார். பிளாட்டுக்குப் பின்னால் பூப்பந்துத் திடல். அங்கே எல்லாரும் பாட்டுக்கு உடற்பயிற்சி செய்ய வேண்டும். முடிந்ததும் காளியப்பனை முன்னால் நிறுத்திக் கைதட்ட வேண்டும். எல்லாருக்கும் பச்சை டி-சட்டை. நெஞ்சில் ஒரு சிகரெட், அதன் மேல் சிவப்புக் கோடு. மேலே துணியில் மலாயிலும் தமிழிலும் ‘புகையை விடுவோம்’ என்று பெரிதாக எழுதிக் கட்டியிருந்தோம். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் கவிதா லீவுக்கு வந்திருந்தாள். மிஸ்ஸி தன் போனை அவளிடம் கொடுத்து, “படம் எடு. எதையும் விடாத. உடனே குரூப்ல போடு” என்றார்.

(கவிதா சொன்னதைச் செய்கிற பிள்ளை. அம்மா மாதிரி இல்லை.)

விடியற்காலையிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. நாற்காலி போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆடச் சொல்லித் தரும் அம்மா வரவில்லை. அவர் தங்காக்கிலிருந்து வர வேண்டும். கார் வழியில் நின்றுவிட்டது. பாட்டு, ஸ்பீக்கர் எல்லாம் அந்தக் காரில். எங்களிடம் இருந்தது ஒரு மைக், அதற்கு ஒரு சின்னப் பெட்டி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொம்பளைகள் பசியாற ரொட்டி சானாய் கடைப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி போனால் அத்தனை பேரும் போய்விடுவார்கள். நான் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அன்றைக்கு உடற்பயிற்சி செய்தது நான் ஒருவன்தான்.

அப்போது மாடியிலிருந்து கோபி இறங்கி வந்தான். உறுமி மேளக் குழு வைத்திருக்கிறான். வேறு ஊர்க் கோயிலுக்குப் போக வேனுக்குக் காத்திருந்தார்கள். மேளம் தோளில் தொங்கியது.

“கோபி, கொஞ்சம் அடிக்கிறியா?” என்றேன்.

“அண்ணே, எங்களுக்குச் சாமி அடிதான் தெரியும்.”

“எதுவோ ஒண்ணு அடி. ஆளுங்க கை கால் அசையணும். அவ்வளவுதான்.”

கோபி என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு திடலின் ஓரத்தைப் பார்த்தான். அங்கே மரத்தடியில் முனியாண்டிக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. பிளாட் வருவதற்கு முன்பே இருந்த கோயில். நான் தினமும் கும்பிடுகிற கோயில். அன்றைக்கு மட்டும் அது என் கண்ணில் படவில்லை.

“நீங்க சொல்லித்தான் அடிக்கிறேன். பாத்துக்குங்க” என்றான்.

உறுமி உறுமியது. சொல்லக் கூடாது, அப்படி ஒரு உடற்பயிற்சி எந்தப் பிளாட்டிலும் நடந்திருக்காது. முழங்கால் வலி என்று மாசக்கணக்கில் சொன்னவர்கள் குதித்தார்கள். மிஸ்ஸி கைதட்டிக்கொண்டே, “பாகுஸ்! பாகுஸ்! மணியம், ரொம்ப நல்லா இருக்கு!” என்று கத்தினார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச ஒன்றும் இல்லை. ஆனால் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது.

நிமிர்ந்த நெஞ்சோடு திரும்பினால், நாற்காலியில் காளியப்பன் தோள் துடிக்கிறது.

முதலில் தோள். பிறகு தலை. பிறகு ஒரு சத்தம் போட்டு எழுந்தான். மருள் வந்துவிட்டது. செருப்பை உதறிவிட்டு அந்தப் புண் காலால் திடலின் நடுவில் போய் நின்று ஆடினான். கோபி அடியை நிறுத்தவில்லை. (சாமி வந்த பிறகு பாதியில் நிறுத்தக் கூடாது. அது எனக்கும் தெரியும்.) உடற்பயிற்சி செய்தவர்கள் ஒரு நொடியில் பக்தர்களாகிவிட்டார்கள். யாரோ மஞ்சள் தண்ணி கொண்டு வந்தார்கள். யாரோ வேப்பிலை ஒடித்தார்கள். மிஸ்ஸிக்கு இதெல்லாம் தோட்டத்தில் பார்த்த பழக்கம். தள்ளி நின்று, “காலு! காலு பாத்து!” என்று மட்டும் சொன்னார்.

லெட்சுமி முறைப்படி முன்னால் போய்க் கும்பிட்டாள்.

“வந்திருக்கிறது யாருன்னு சொல்லுங்க ஐயா.”

“முனியாண்டி வந்திருக்கேன்டா!”

“சந்தோஷம் ஐயா. என்ன வேணும்?”

“சுருட்டு!”

உறுமிகூட ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. எங்கள் முனியாண்டிக்குச் சுருட்டு வைப்பது வழக்கம். கோயிலில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். யாரோ ஓடிப் போய் அதை எடுத்து வந்துவிட்டார்கள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் லைட்டர். நெஞ்சில் சிகரெட்டுக்கு மேல் சிவப்புக் கோடு.

புஷ்பத்தைப் பார்த்தேன். சாமியைப் பார்த்துக் கைகூப்பியிருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டினாள். கண்ணில் தண்ணீர். ஒரு சுருட்டு உள்ளே போனால் நாளைக்கு இன்னொன்று. அப்புறம் பாதம். அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் சாமிக்கு யார் இல்லை என்று சொல்வது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவன் நான்தானே.

கால் பின்னால் போகப் பார்த்தது. எப்படியோ முன்னால் போனேன்.

“ஐயா, வேற ஏதாவது கேளுங்க. தேங்காய் இருக்கு. பழம் இருக்கு.”

“பழம் ஒண்ணுதான்!” என்று பின்னாலிருந்து மிஸ்ஸி கத்தினார். “அவருக்கு இனிப்பு நீர்!”

“சுருட்டு கொண்டாடா!”

“உங்களுக்கு இல்லன்னு சொல்லல ஐயா. நீங்க வந்திருக்கிற உடம்புக்குத்தான் இல்ல. அதுல ஒரு விரல் போயிருச்சு. காலும் போயிட்டா அடுத்த திருவிழாவுக்கு வந்து எதுல நின்னு ஆடுவீங்க?”

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. மைக் அடைக்கவில்லை என்பதால் மேல் மாடி வரை கேட்டது. எல்லா சன்னலிலும் தலை. கீழ்வீட்டு அஹ் செங் மாமா பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

சாமி ஆட்டத்தை நிறுத்தியது. என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு விரலை என் மூக்குக்கு நேராக நீட்டியது.

“அப்ப நீ குடி!”

“ஐயா, எனக்குப் பழக்கம் இல்ல.”

“குடிடா! எனக்குச் சேரும்!”

அதுவரை பயந்து நின்ற கூட்டம் அப்படியே மூச்சு விட்டது. ரொம்ப நல்ல முடிவு என்று எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. என் பெண்டாட்டி இருக்கிறாளே, சுருட்டை அவளே எடுத்து என் வாயில் செருகினாள்.

“சாமி சொல்லிட்டாரு. இழுங்க.”

“மணியம், கூடாது லா!” என்றார் மிஸ்ஸி.

“மிஸ்ஸி, நீங்க சும்மா இருங்க” என்றாள் புஷ்பம். “அண்ணே, நல்லா இழுங்கண்ணே!”

இழுத்தேன். யாரோ நெஞ்சுக்குள் லோரியை ரிவர்ஸ் எடுத்த மாதிரி இருந்தது. கண், மூக்கு, காது, எல்லா வாசலிலும் புகை. இருமினேன். மைக்கில் இருமினேன். சாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தது. “போதும்டா” என்று சொல்லிவிட்டு மலையேறியது. காளியப்பன் நாற்காலியில் சாய்ந்து, முழித்து, “பச்சத் தண்ணி குடுங்க” என்றான். நான் அவனுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தேன்.

மிஸ்ஸி அவன் காலைப் பார்த்தார். புண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பிரஷர் பார்த்தார். பார்த்துவிட்டு, “அலாமாக்!” என்றார். அன்றைக்கு வந்தவர்களிலேயே என் பிரஷர்தான் அதிகம்.

இதற்கிடையில் கவிதா சொன்னதைச் செய்துவிட்டிருந்தாள். ‘புகையை விடுவோம்’ என்ற துணிக்குக் கீழே, சிவப்புக் கோடு போட்ட சட்டையோடு, வாயில் சுருட்டும் மூக்கில் புகையுமாக நான். குரூப்பில் இருந்தவர்கள் மூவார் சுற்று வட்டாரத்தில் இந்த வேலை செய்கிற அத்தனை பேரும். முதலில் பார்த்தது வழியில் கார் நின்ற அந்த அம்மா. ‘நான் வரவில்லை என்றால் இப்படியா?’ என்று எழுதியிருந்தார்.

அன்றைக்கு ராத்திரி நான் படுக்கையில் கிடந்தேன். கதவு தட்டுகிற சத்தம். காளியப்பன். உள்ளே வந்தான். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “என்னா மணியம், இன்னொண்ணு கேக்குதா?” என்றான்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவன் போகவில்லை. சன்னலைத் திறந்தான், மூடினான், விரலைச் சொடுக்கினான். எல்லாம் என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை கேட்டேன். “காளி, அன்னைக்கு வந்தது நெஜமா சாமியா, இல்ல நீயா?”

“எனக்கு எப்படிடா தெரியும்? நான்தான் அங்க இல்லையே” என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லோரியில் லோடு அதிகமாக ஏற்றிவிட்டுப் போலீஸ்காரரிடம் பேசுகிறபோதும் அவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று புஷ்பம் சொல்வாள்.

அவன் அதற்குப் பிறகு சுருட்டைத் தொடவில்லை. தன் பங்கை நான் குடித்துவிட்டேன் என்கிறான். ஆனால் படம் என்னை விடவில்லை. கவிதாவின் கல்யாணத்தில் மண்டபத்துப் பெரிய திரையில் குடும்பப் படங்கள் ஓடின. குழந்தையில் அவள், பள்ளிக்கூடத்தில் அவள், அடுத்ததாக நான், சுருட்டோடு. சம்பந்தி வீட்டார் என்னை இன்றைக்கும் சுருட்டு மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை தீபாவளிக்கு வரும்போது எனக்கு வேட்டி கொண்டுவருகிறார். வேட்டிக்குள் ஒரு சுருட்டை வைத்துக் கொண்டுவருகிறார். நான் அதை முனியாண்டிக்கு வைத்துவிட்டு வருகிறேன். பக்கத்தில் உறுமி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

கல்யாண மண்டபத்தில் அந்தப் படம் வந்தபோது எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது காளியப்பன். எழுந்து நின்று சிரித்தான்.

இரண்டு காலிலும் நின்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.