விமானத்துக்குச் சரி, வாய்க்காலுக்கு?

மருமகள் சுதா அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். திருக்காட்டுப்பள்ளிக்குப் போய் ஒரு தாள் பிரிண்ட் எடுத்து வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

எடுத்தேன். அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம். படித்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

தாளில் ஒரு பத்தி. "விமான டிக்கெட் விலையை அரசாங்கம் வைத்தவரை சாதாரண ஆள் பறக்கவில்லை. கட்டுப்பாடு போனது. போட்டி வந்தது. விலை குறைந்தது. ஆகவே எந்தத் தொழிலுக்கும் கட்டுப்பாடு கூடாது."

கூற்று எது, முடிவு எது என்று கோடு போடச் சொல்லி ஒரு கேள்வி.

இது ஒரு கேள்வியா! முதல் வரியை முடிவு என்று கோடு போட்டேன். எங்கள் வீட்டில் முடிவுதான் முதலில் வரும். காரணம் மறுநாள் வரும். சில சமயம் வருவதே இல்லை.

பிறகு 'ஆகவே' கண்ணில் பட்டது. அடித்துவிட்டுக் கடைசி வரிக்குப் போட்டேன். நமக்கும் மூளை இருக்கிறது என்று ஒரு திமிர்.

அந்தத் திமிரோடு நேராக வாய்க்கால் கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர். என் நிலம் கடைமடை, வாய்க்காலின் வால். என் முறைக்கு இன்னும் மூன்று நாள். நாற்றங்கால் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. முறையே வேண்டாம் என்று குண்டு போட்டால் எல்லோரும் பதறுவார்கள், சண்டை வரும், சமாதானத்துக்கு நாளைக்கே எனக்கு முறை தருவார்கள். இதுதான் என் திட்டம்.

எழுந்து நின்றேன்.

"முறை எதுக்குங்கறேன்? விமானத்துல கட்டுப்பாட்ட எடுத்தான், எல்லாரும் பறக்கறான். அவனவன் மடைய அவனவன் தொறந்துக்கட்டும். போட்டி வரட்டும்யா!"

யாரும் பதறவில்லை.

தலைமடைப் பன்னீர் எழுந்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் அவன் வயலில்தான் விழும். பத்து வருஷமாக நான் சொன்ன எதற்கும் தலையாட்டாதவன்.

"பெரியப்பா சொல்றதுல நியாயம் இருக்குங்க" என்றான்.



தலைவர் கேட்டார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

எனக்கு உண்டு. எப்படிச் சொல்வது?

கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் முதல் கைதட்டு.

மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். தலைமடையில் வரப்பு வழியத் தண்ணீர். நடுமடையில் முழங்கால் தண்ணீர். என் மடையில் ஒரு நண்டு. அதுவும் கிளம்பிக்கொண்டிருந்தது.

பன்னீர் வரப்பில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"போட்டி, பெரியப்பா. வந்து போடுங்களேன்."

தலைவர் வீட்டுக்கு ஓடினேன். "பழையபடி முறையே வைங்கய்யா."

"வைக்கலாங்க. ஆனா புதுசா எழுதினா தலைமடையிலேர்ந்துதான் எழுதணும். உங்களுக்கு வர எட்டு நாள் ஆகும், பரவால்லையா?"

பரவாயில்லை என்றேன். வேறென்ன சொல்ல?

வீட்டுக்கு வந்தால் சுதா தாளோடு நின்றாள்.

"ஏன் மாமா இதுல கோடு போட்டீங்க?"

"சரியாத்தானே போட்டிருக்கேன்?"

"கூற்று எல்லாம் விமானத்தப் பத்தி. முடிவுல மட்டும் எந்தத் தொழிலுக்கும்னு வருது. அது எப்படி? பின்பக்கம் ரெண்டாவது கேள்வி பாக்கலையா?"

பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். திருப்பினேன். 'இந்த வாதத்தில் சொல்லாமல் விடப்பட்ட கூற்று எது?'

"எது?" என்றேன்.

"எல்லாத் தொழிலும் விமானம் மாதிரின்னு நெனச்சுக்கிட்டது. நீங்க விட்டது, கடைமடைல இருக்கீங்கங்கறது."

ஐம்பது வருஷமாக அந்த வாய்க்காலில் நிற்கிறவன் நான். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஜெயித்துக்கொண்டிருந்தபோது ஞாபகம் வரவில்லை.

எட்டு நாளும் அடிபம்பில் அடித்துக் குடத்தில் சுமந்து நாற்றங்காலுக்கு ஊற்றினேன். துளசிச் செடிக்கு ஊற்றுவது போல. பாதி நாற்று பிழைத்தது. போகிற வருகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்தி, "ஃப்ளைட் எத்தன மணிக்குங்க?" என்றான்.

கடைசி நாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு சுதாவின் நோட்டைப் புரட்டினேன். இரண்டாவது கேள்விக்கு விடை எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

'உதாரணம்: மாமா.'

திருத்த ஒன்றும் இல்லை.